நோயாளிகள் உள்ளே இருக்கும்போதே ஒரு மருத்துவமனையை நிலநடுக்கத்துக்குத் தயார் செய்த அனுபவம்

என்னோடு வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்களிடம் முதலில் ஆலிவ் வியூ மருத்துவமனையைப் பற்றிச் சொல்லிவிடுவேன். கலிபோர்னியாவில் சில்மார் என்ற இடத்தில் இருக்கிறது. 1971 பிப்ரவரி 9 காலை சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் (அளவு 6.6) வந்தபோது, அது திறந்து சில வாரங்களே ஆன புதுக் கட்டடம். மேல் மாடிகளில் கான்கிரீட் சுவர்கள் இருந்தன. கீழே அவை தொடரவில்லை, தூண்களின் தலையிலேயே நின்றுவிட்டன. குலுக்கலில் கீழ்த்தளம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டு, மொத்தக் கட்டடமும் சாய்ந்து நின்றது. நான்கு படிக்கட்டுக் கோபுரங்களில் மூன்று பெயர்ந்து விழுந்தன. அதை இடித்துவிட்டு, இரும்புத் தகட்டுச் சுவர்கள் வைத்து மிக உறுதியாகத் திரும்பக் கட்டினார்கள். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. தூண், பீம், சுவர் எதற்கும் பெரிய சேதமில்லை. ஆனால் கூரையில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2.3 மடங்கு. தீயணைப்புத் தெளிப்பான் குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்ட, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது முறை கட்டடம் தாங்கியது, மருத்துவமனைதான் ஓடவில்லை.

எங்களிடம் ஒரு மருத்துவமனையை வலுப்படுத்தும் வேலை வந்தபோது, நிர்வாகம் கேட்ட கேள்வி "நிலநடுக்கம் வந்தால் விழாமல் நிற்குமா?" என்பது. நாங்கள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டோம்: "அடங்கின அடுத்த மணி நேரம் ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு எரிந்து, ஆக்சிஜன் வந்து, லிப்ட் ஓட வேண்டுமா?" இந்தக் கேள்விக்கான பதிலை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். சாதாரணக் கட்டடத்துக்கு விதிகள் கேட்பது உயிர் தப்புவது மட்டும்தான். கட்டடம் விரிசல் விட்டு, வளைந்து, அப்புறம் இடித்துவிடும்படி ஆனாலும் அது தேர்ச்சி பெற்ற மாதிரிதான். மருத்துவமனைக்கு இந்திய விதியும் அமெரிக்க விதியும் நிலநடுக்க விசையைச் சாதாரணக் கட்டடத்துக்கு எடுப்பதைப் போல 1.5 மடங்காக எடுக்கச் சொல்கின்றன. ஐரோப்பிய விதி 1.4 என்கிறது. விசையைக் கூட்டிப் போடுவது நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் ஆக்சிஜன் வந்துவிடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டடம் ஐந்து தளம். 'ட' வடிவத்தில் இரண்டு சிறகுகள், நடுவில் 25 மி.மீ. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது வெப்பத்தில் கட்டடம் நீள்வதற்காக விட்ட இடைவெளி. இப்போதைய நிலநடுக்க விதிகள் வருவதற்கு முன்பு கட்டியது. பழைய வரைபடங்கள் பாதி கிடைத்தன. கிடைத்ததையும் நம்பி கம்ப்யூட்டரில் மாடல் போட்டுவிடக் கூடாது. கட்டடத்தையே கேட்க வேண்டும்.

தூணின் செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிதான் ரிங். வரைபடத்தில் தூண் ரிங் 150 மி.மீ. இடைவெளி என்று இருந்தது. ஆட்கள் குறைவாக நடமாடும் ஒரு ஸ்டோர் ரூமில் தூணின் மேல்முனையில் கவர் கான்கிரீட்டை, அதாவது கம்பிகளை மூடியிருக்கும் வெளி அடுக்கை, தட்டி எடுத்துப் பார்த்தோம். ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் நடுவே ஒரு சாண் போட்டால் சரியாக இருந்தது. பீமும் தூணும் சேரும் முடிச்சுக்குள் ரிங்கே இல்லை. அங்கே கம்பி நெரிசல் அதிகம், கட்டுவது கஷ்டம் என்பதால் விட்டுவிட்டுப் போவது பழைய கட்டடங்களில் சகஜம். ரிங்கின் முனையில் மடித்துவிடும் கொக்கியோ 90 டிகிரியில் மடிந்து, கவர் கான்கிரீட்டிலேயே முடிந்திருந்தது. நிலநடுக்கத்தில் முதலில் உதிர்வது அந்தக் கவர்தான். அது போனதும் கொக்கி திறந்துகொள்ளும், செங்குத்துக் கம்பிகள் வெளியே பிதுங்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் தூளாகும். கொக்கியை 135 டிகிரிக்கு மடித்துத் தூணின் வயிற்றுக்குள் விட்டிருந்தால் கவர் போன பிறகும் அது பிடித்துக்கொண்டிருக்கும். ஆலிவ் வியூவில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது: சுருள் கம்பி சுற்றிய தூண்கள் கோணலாக வளைந்த பிறகும் மாடிகளைத் தாங்கின, இடைவெளி விட்டு ரிங் போட்ட தூண்கள் நொறுங்கின.

அதனால் ஒரு பழைய கட்டடத்தைப் பார்க்கப் போகும் யாருக்கும் நான் சொல்வது, கான்கிரீட்டின் வலிமையை அறிய கோர் (உருளையாக வெட்டும் மாதிரி) எடுப்பதற்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது ரிங்குகளுக்குக் கொடுங்கள். உள்ளே இருக்கும் கம்பியைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் இடைவெளியைக் காட்டும், கொக்கியின் கோணத்தைக் காட்டாது. அதற்குச் சில இடங்களில் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கட்டடம் வளைந்து கொடுக்குமா, சட்டென்று முறியுமா என்பதை அந்தக் கோணமும் இடைவெளியும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன.

மற்றக் குறைகள் நடந்து பார்த்தாலே தெரிந்தன. தரைத்தளத்தில் ஓபி கூடம், ஒரே திறந்தவெளி. மேலே எல்லாம் செங்கல் சுவர் அடைத்த வார்டுகள். குலுங்கும்போது மேல் தளங்கள் ஒரே கட்டியாக நகரும், முழு இடப்பெயர்ச்சியும் தரைத்தளத் தூண்களின் தலையில் விழும். பின்பக்க நடையில் ஜன்னலுக்குக் கீழே அரைச் சுவரைத் தூண்களோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். தூணின் சுதந்திரமான நீளம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்கு ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் முழுநீளத் தூண்கள் ஒதுங்கிக்கொள்ள, அந்தக் குட்டைத் தூண்கள் மட்டும் விசையை இழுத்து வாங்கி குறுக்காக வெடிக்கும். இதற்கு மருந்து மிகச் சுலபம்: அரைச் சுவரைத் தூணிலிருந்து அறுத்துப் பிரித்து, இடைவெளியில் மெத்தென்ற நிரப்பியை வைத்து, சுவர் வெளிப்பக்கம் சாயாமல் இரும்புக் கோணங்களால் பிடித்துவிட வேண்டும். முழுத் திட்டத்திலும் செலவு குறைவாகவும் பயன் அதிகமாகவும் இருந்த வேலை இதுதான். வேறு எதற்கும் பணம் இல்லாத மருத்துவமனைகூட இதைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

சிறகுகளுக்கு நடுவே இருந்த 25 மி.மீ. இடைவெளி அபாயமானது. இரண்டு சிறகும் எதிரெதிராக ஆடினால் மோதிக்கொள்ளும். தேவைப்பட்ட இடைவெளி இதைப் போலப் பல மடங்கு. நல்லவேளையாக இரண்டு பக்கமும் தளங்கள் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒரு பக்கத்து ஸ்லாப் மறுபக்கத்துத் தூணின் நடுவில் இடிக்கும்படி இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெப்பத்தால் வரும் நீட்சியைச் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு சிறகையும் சேர்த்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். அப்படிச் சேர்த்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கலைத் தடுக்கும்படி புதுச் சுவர்களின் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி எப்படி வலுப்படுத்துவது? எங்கள் முதல் வரைவில் பெரும்பாலான தூண்களுக்கு ஜாக்கெட்டிங் போட்டிருந்தோம். பழைய தூணைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சுற்றிலும் புதுக் கம்பி, புது ரிங், புது கான்கிரீட். கம்பிகள் ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு தளத்துக்குத் தளம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் வலுவான தூண்களுக்கு நடுவே பலவீனமான மூட்டுகள் நின்றுவிடும். இந்த வரைவை எடுத்துக்கொண்டு நர்சிங் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஒரு மாடியை மொத்தமா காலி பண்ணிக் கேளுங்க சார், எப்படியாவது பண்ணித் தர்றேன். அஞ்சு மாடியிலயும் ஒரே மூலையைக் காலி பண்ணுங்கன்னா எந்த வார்டையும் என்னால நடத்த முடியாது."

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வடிவமைப்பையே மாற்றிவிட்டது. மருத்துவமனை தளம் தளமாகக் காலியாகும், தூண் மேலிருந்து கீழாகத் தொடரும். ஜாக்கெட்டிங் வேலைக்கு ஒரு தூண் வரிசையைச் சுற்றி எல்லாத் தளங்களும் வேண்டும். இரண்டும் ஒத்துப் போகவே போகாது. எந்தப் பாடத்திலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணக்கு முடிந்த பிறகு மருத்துவமனை ஆட்களைக் கூப்பிட்டு 'விளக்குவது' என்ற பழக்கம் இந்தத் துறையில் இருக்கிறது. அது தலைகீழாக நடக்க வேண்டும். எந்த வார்டு எப்போது நகர முடியும், எது நகரவே முடியாது என்று தெரிந்த பிறகுதான் எந்த முறை என்று யோசிக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

பெரும்பகுதி வேலையை வெளியே கொண்டுபோனோம். சிறகுகளின் முனைகளிலும் வெளிப்பக்கங்களிலும், கட்டடத்தை ஒட்டினாற்போல், தரையிலிருந்து கூரைவரை புதிய ஷியர் வால்கள், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்கள். நிலநடுக்க விசையில் பெரும்பங்கை அவை வாங்கிக்கொண்டால் பழைய தூண்களுக்கு எடையைத் தாங்குவது மட்டுமே வேலை. அப்படியும் தப்பிக்காத சில தூண்களுக்கு மட்டும் உள்ளே ஜாக்கெட்டிங். அவற்றிலும் பெரும்பாலானவை தரைத்தளத்தில்தான் இருந்தன.

சுவரை வெளியே வைப்பதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, அதன் மேல் மாடிகளின் எடை இறங்காது. பக்கத்திலிருந்து தள்ளினால் காலி பீரோ மாதிரி கவிழப் பார்க்கும். ஆகவே அடியில் இழுவையையும் தாங்கும் பைல்கள் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) தேவைப்பட்டன. புதுச் சுவரின் விலை என்று பலரும் நினைப்பது சுவரின் விலையைத்தான். உண்மையில் அடித்தளம்தான் பெரிய செலவு. இரண்டாவது, ஸ்லாபில் பிறக்கும் விசை சுவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்லாபின் விளிம்பை மட்டும் சுவரோடு கோத்துவிட்டால் அங்கேயே கிழியும். அதனால் ஒவ்வொரு தளத்திலும் நடைபாதைக் கூரையின் கீழே நீளமாக ஒரு இரும்புச் சேகரிப்பு பீம் வைத்து, ஸ்லாபில் துளையிட்டுப் பசையால் பதிக்கும் கம்பிகளை (ஆங்கர்) வரிசையாகப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விசையை வாங்கிச் சுவருக்குக் கொண்டுபோனோம்.

இந்த ஆங்கர்களின் தரம் முழுக்க ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது. துளை போட்டதும் உள்ளே மாவு மாதிரி கான்கிரீட் தூசி ஒட்டியிருக்கும். ஊதி, கம்பி பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி, விரலை விட்டுப் பார்த்தால் விரல் வெள்ளையாகக் கூடாது. அதன் பிறகுதான் எபாக்ஸி பசை. தூசியோடு பசை ஊற்றினால் கம்பி தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், கான்கிரீட்டை அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே ஒவ்வொரு நாளின் வேலையிலிருந்தும் நாங்களே தேர்ந்தெடுத்த சிலவற்றை இழுத்துச் சோதித்தோம். எதை இழுக்கப் போகிறோம் என்று வேலையாட்களுக்கு முன்கூட்டியே தெரியாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள், பிறகு சேர்க்கப் போனால் தகராறு வரும்.

வேலையின் வரிசையையும் வடிவமைக்க வேண்டும். ஒரு சிறகின் முனைச் சுவரை முடித்துவிட்டு மற்றதற்கு வருவது ஒப்பந்ததாரருக்கு வசதி. ஆனால் இடையில் இருக்கும் மாதங்களில் கட்டடம் ஒருபக்கம் விறைப்பாகி, பழைய நிலையைவிட மோசமாக முறுக்கிக்கொள்ளும். நிலநடுக்கம் நம் வேலை முடியட்டும் என்று காத்திருக்காது. சுவர்கள் எல்லாப் பக்கமும் ஒன்றாக, கீழிருந்து மேலாக எழும்பின. இரண்டு சிறகையும் இணைக்கும் வேலையை அதன் பிறகே தொட்டோம்.

"ஏன் பேஸ் ஐசோலேஷன் போடவில்லை?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கட்டடத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ரப்பர் பேரிங்குகளை வைத்து, நில அசைவைக் கீழேயே தேக்கிவிடும் முறை அது. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போது லாஸ் ஏஞ்சலஸில் இப்படிக் கட்டிய யுஎஸ்சி பல்கலைக்கழக மருத்துவமனையில், நிலத்தில் புவியீர்ப்பின் 0.49 மடங்கு பதிவான முடுக்கம் கூரையில் 0.21 மடங்காக இறங்கியிருந்தது. மருத்துவமனை தொடர்ந்து இயங்கியது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகரின் மருத்துவமனை இடிந்து விழுந்த பிறகு, புதிதாகக் கட்டியது நடுவில் ஈயம் வைத்த ரப்பர் பேரிங்குகள் மேல்தான். துருக்கியில் நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட புது மருத்துவமனைகளுக்கு 2013 முதல் இது கட்டாயம். 2023 பிப்ரவரி 6 அன்று அங்கே பூகம்பம் வந்தபோது அப்படிக் கட்டியவை நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருந்தன. இஸ்கெண்டெருன் நகரின் பழைய மருத்துவமனைக் கட்டடம் இடிந்து விழுந்தது. புது மருத்துவமனை கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் இதைப் பரிசீலியுங்கள்.

இருக்கும் கட்டடத்துக்கும் செய்ய முடியும், அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியின் நகராட்சி மாளிகைக்கு 1980-களின் இறுதியில் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு தூணையும் தாங்குகால் கொடுத்து அறுக்க வேண்டும். கட்டடம் எல்லாத் திசையிலும் ஓரிரு அடி நகர்வதற்கு வெட்டவெளி வேண்டும். எங்கள் கட்டடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு தரைத்தளத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் எல்லைச் சுவர். முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம்.

விறைப்பான சுவர்களைத் தேர்ந்தெடுத்த அன்றே நாங்கள் ஒரு கடனையும் ஏற்றுக்கொண்டோம். கட்டடம் குறைவாக வளையும், அதனால் சுவர்களும் கதவுகளும் தப்பிக்கும். ஆனால் மேல் தளங்களில் குலுக்கலின் முடுக்கம் கூடும். ஆலிவ் வியூ இரண்டாவது முறை பட்ட பாடு அதுதான். ஆகவே உள்ளே இருக்கும் பொருட்களைப் பிடித்துவைப்பது இந்த முறையின் பிரிக்க முடியாத பகுதி. பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் பாதி வடிவமைப்புதான் நிறைவேறியது என்று அர்த்தம்.

இங்கே எங்களுக்கு ஆசானாக இருந்தவர் பராமரிப்புப் பிரிவில் இருந்த மூத்த ஊழியர். ஆக்சிஜன் குழாய்களின் வரைபடம் கேட்டபோது, "வரைபடத்தைப் பாத்து துளை போட்றாதீங்க தம்பி. அதுக்கப்புறம் நாலு தடவ மாத்தியாச்சு. வாங்க, நான் காட்டறேன்" என்று அழைத்துப் போனார். நடைபாதையின் பொய்க்கூரைக்கு மேலே ஏணி போட்டுத் தலையை நீட்டினால், எங்கள் சேகரிப்பு பீம் போக வேண்டிய பாதையில் ஆக்சிஜன், வாக்குவம், தண்ணீர், கேபிள் தட்டு எல்லாம் பின்னிக்கிடந்தன. ஒவ்வொன்றையும் தடம் பிடித்து, வண்ணம் அடித்து, வால்வுகளுக்கு எண் போட்ட பிறகே முதல் துளை விழுந்தது. ஆக்சிஜன் பாதையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த வார்டில் சிலிண்டர்கள் தயாராக நின்றன, மயக்க மருந்து மருத்துவர் கையெழுத்து இல்லாமல் வால்வை மூடவில்லை.

பிடித்துவைக்க வேண்டியவை எவை என்று அவரோடு நடந்தே கண்டுபிடித்தோம். கூரைத் தண்ணீர்த் தொட்டிகள் வெறுமனே மேடையில் உட்கார்ந்திருந்தன. ஜெனரேட்டர் அதிர்வு ஸ்பிரிங்குகளின் மேல் இருந்தது. ஸ்பிரிங் அன்றாட அதிர்வுக்கு நல்லது, நிலநடுக்கத்தில் எந்திரம் அதிலிருந்து எகிறிவிடும். நாலு பக்கமும் தடுப்பான்கள் வைத்தோம். பேட்டரி அடுக்குகளுக்குக் கச்சை. சிலிண்டர்களுக்கு மேலும் கீழும் இரண்டு சங்கிலி, ஒன்று போதாது. லிப்ட்டில் எதிர் எடை தண்டவாளத்திலிருந்து கழன்று பெட்டியின் மேல் இடிப்பது நிலநடுக்கங்களில் அடிக்கடி நடப்பது, அதன் பிடிகளை வலுப்படுத்தினோம். தரையிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு குழாயிலும் நெகிழும் இணைப்பு. மருந்தகத்து அலமாரிகளைச் சுவரோடு பிடித்தோம், செங்கல் பூச்சில் அல்ல, உள்ளே உறுதியான இடம் பார்த்து.

தூசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டட வேலையின் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துக்கள் பறக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த புற்றுநோயாளிக்கும் மாற்று உறுப்பு பொருத்தியவருக்கும் அது உயிர் போகிற விஷயம். உள்ளே வேலை நடந்த இடங்களில் தரையிலிருந்து மேல் ஸ்லாப் வரை, பொய்க்கூரையோடு நிற்காமல், தடுப்பு கட்டினோம். வடிகட்டி வைத்த விசிறியால் காற்றை வெளியே இழுத்து, உள்ளே அழுத்தம் குறைவாகவே இருக்கும்படி வைத்தோம். இடிப்பான் பயன்படுத்தவில்லை, தண்ணீர் விட்டு அறுக்கும் கோர் கட்டிங்தான். தொற்றுத் தடுப்புச் செவிலியருக்கு எங்கள் வேலையை எந்த நிமிடமும் நிறுத்தும் அதிகாரம் இருந்தது, அவர் அதைப் பயன்படுத்தவும் செய்தார். முதலில் மேஸ்திரி முணுமுணுத்தார். அவரை ஒரு நாள் கீமோ வார்டு கதவுவரை கூட்டிப்போய்க் காட்டிய பிறகு, தடுப்பில் ஜிப்பைத் திறந்து வைத்தவர்களை அவரே சத்தம் போட ஆரம்பித்தார்.

ஒப்படைக்கும் முன் கடைசியாகச் செய்த ஒன்றை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். நிலநடுக்கம் முடிந்ததும் மருத்துவமனையில் எழும் முதல் கேள்வி, உள்ளே இருக்கலாமா, வெளியேற வேண்டுமா என்பது. பொறியாளர் வந்து சேர நேரமாகும். அதற்குள் பயத்தில் ஐசியு நோயாளிகளை வெயிலுக்கு இறக்கினால் அதிலேயே உயிர் போகலாம். ஆகவே ஒவ்வொரு தளத்திலும் முக்கியமான சில மூட்டுகளைப் பூச்சால் மூடாமல் சின்னக் கதவு வைத்து விட்டோம். எந்த மாதிரி விரிசல் வந்தால் கவலையில்லை, எது வந்தால் அந்தப் பகுதியைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரே தாளில் படம் போட்டு, மூன்று ஷிப்டிலும் இருக்கும் பராமரிப்பு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். பூச்சில் முடிபோல ஓடும் கோடு ஒன்றும் செய்யாது. தூணில் குறுக்குச் சாய்வாக இரண்டு திசையிலும் விரிசல் ஓடியிருந்தாலோ கவர் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ அந்த இடத்தை உடனே காலி செய்ய வேண்டும். புது ஊழியர் சேரும்போதும் இந்தப் பயிற்சி தொடர வேண்டும் என்று பராமரிப்புக் கையேட்டிலேயே எழுதிச் சேர்த்துவிட்டோம். டார்ச், சாவிகள், வால்வு எண்களின் பட்டியல் மூன்றும் செக்யூரிட்டி அறையில் ஒரே பெட்டியில் இருக்கின்றன.